முதலில் காற்று, அப்புறம்தான் டீசல்

(கோவையில் கார் உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிக்கப் இல்லீங்க, பின்னாடி கரும்புகையா தள்ளுது." டீசல் கார் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழையும்போது நான் அதிகம் கேட்கிற புகார் இதுதான். இதற்கு நம்மூரில் ஒரு பதில் தயாராக இருக்கிறது: "நாசில் போயிருக்கும், பம்பையும் கழற்றிப் பார்த்துடலாம்." சில வண்டிகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனால் எந்தச் சோதனையும் செய்யாமல் சொல்லப்படுகிற பதில் அது. அங்கே தொடங்கினால் செலவு பல ஆயிரத்தில் தொடங்கும். டீசலைப் பீச்சும் நாலு நாசிலும் மாற்றி முடித்த பிறகும் அதே புகை, அதே மந்தம் என்று வண்டி திரும்பி வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்தத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால் முதலில் காற்றைப் பாருங்கள். காற்றில் குறையில்லை என்று சோதித்து உறுதி செய்த பிறகு டீசல் பக்கம் போங்கள்.

காரணம் எஞ்சினின் அடிப்படையிலேயே இருக்கிறது. பெட்ரோல் வண்டியில் நாம் மிதிப்பதற்குத் தக்கபடி காற்று போகும் வழி திறக்கும். டீசலில் அப்படியில்லை. காற்று தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். மிதிக்க மிதிக்க டீசலின் அளவுதான் கூடும். தீப்பொறியும் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய எஞ்சினில் இருந்து இன்றுவரை வேலை ஒன்றேதான்: காற்றை இறுக்கி இறுக்கிச் சூடாக்குவது, அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சுவது, அது தானே பற்றிக்கொள்வது. இன்றைய கார்களில் காற்று பதினாறு, பதினேழு மடங்கு இறுக்கப்படுகிறது. அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டுகிறது.

ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ பதினாலரை கிலோ காற்று வேண்டும். இது காகிதக் கணக்கு. டீசலும் காற்றும் கலப்பதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் என்பதால் நடைமுறையில் இதைவிட அதிகக் காற்று தேவை. அது குறைந்தால் டீசலில் உள்ள கரி எரியாமல் கரியாகவே வெளியே வரும். அரிக்கேன் விளக்கில் திரியை அளவுக்கு மேல் ஏற்றினால் கண்ணாடி கரிபிடிக்கும், வெளிச்சமும் குறையும். சைலன்சரில் நாம் பார்க்கும் கறுப்பும் அதே கரிதான்.

எவ்வளவு காற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சினை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். மாருதி, டாடா, ஃபியட் என்று மூன்று கம்பெனிக் கார்களிலும் நம் சாலைகளில் ஓடிய எஞ்சின் அது. அதன் கொள்ளளவு 1248 சிசி. நாலு சிலிண்டரும் ஒருமுறை காற்றை இழுத்து முடிக்க எஞ்சின் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 2500 சுற்றில் ஓடினால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாமலே நிமிடத்துக்குச் சுமார் 1500 லிட்டர் காற்று அதற்கு வேண்டும். மேட்டில் டர்போ முழு வேகத்தில் வேலை செய்யும்போது எடைக் கணக்கில் இதைப்போல் இரண்டு மடங்கு. அந்தக் காற்று ஏர் ஃபில்டர், டர்போ, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அவற்றை இணைக்கும் ரப்பர் ஹோஸ்கள் என்று நீண்ட வழியில் வருகிறது. அந்த வழியில் எங்காவது கசிந்தாலோ அடைத்தாலோ முதலில் அடிபடுவது இழுவைதான்.

ஒரு வண்டியைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறுகிற ஒரு கார். சமவெளியில் எந்தக் குறையும் இல்லை. மலையில் இரண்டாவது கியரில் மிதித்தால் பின்னால் கறுப்பு மேகம், வண்டி நகர மறுக்கும். வேறொரு இடத்தில் டீசல் ஃபில்டர் மாற்றியாயிற்று, நாசிலைக் கழற்றிப் பரிசோதனைக்கும் அனுப்பியாயிற்று. அதே ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி ரேஸ் பண்ணிப் பார்த்தால் புகையே இல்லை. "இங்கே நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நிறுத்தி வைத்து ரேஸ் பண்ணினால் எஞ்சினுக்குச் சுமை கிடையாது, டர்போவும் அழுத்தம் கட்டாது. குறை தெரிய வேண்டுமானால் சுமை வேண்டும்.

வண்டி எங்களிடம் வந்தபோது போனட்டைத் திறந்து மேலே பார்த்தால் எல்லாம் சுத்தம். லிஃப்டில் ஏற்றி அடியில் பார்த்தோம். இன்டர்கூலரில் இருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸின் வளைவில், கீழ்ப்புறம், விரல் அகலத்துக்கு எண்ணெய் கசிந்து அதன்மேல் தூசி ஒட்டியிருந்தது. டர்போ வழியே வரும் காற்றில் லேசான ஆயில் ஆவி எப்போதும் இருக்கும். எங்கே காற்று கசிகிறதோ அங்கே அந்த ஆயில் ஈரம் படியும். ஹோஸைக் கழற்றிக் கையில் வைத்து வளைத்தால் ஒரு கீறல் வாயைத் திறந்தது; விட்டால் மூடிக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத கீறல், அழுத்தம் ஏறினால் மட்டும் திறக்கிறது. ஹோஸை மாற்றி அதே மலையில் ஏற்றிப் பார்த்தோம். புகையும் போயிற்று, இழுவையும் வந்தது.

இதில் ஏன் கரும்புகை வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சார் உள்ளே போகும் காற்றை அளக்கிறது. "இவ்வளவு காற்று வந்திருக்கிறது" என்று அது சொல்ல, கம்ப்யூட்டர் அதற்குத் தக்க டீசலைப் பீச்சுகிறது. ஆனால் அளந்த காற்றில் ஒரு பகுதி டர்போவைத் தாண்டியபின் கீறல் வழியே வெளியே போய்விட்டது. சிலிண்டருக்குள் காற்று குறைவு, டீசல் மட்டும் பழைய கணக்கில். அதனால் கரி. இதே சென்சார் அழுக்குப் பிடித்து, வருகிற காற்றைக் குறைத்துச் சொன்னால் நடப்பது நேர்மாறு: கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்துவிடும்; வண்டி மந்தமாகும், புகை வராது. இழுவை போன வண்டியில் புகை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே தேட வேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிடுகிறது.

கசிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். டர்போவுக்குக் காற்று போகும் வாயை ஒரு அடைப்பானால் மூடி, அதில் வால்வ் பொருத்தி, கம்ப்ரசரில் இருந்து காற்றைக் கொடுங்கள். ஒரு பாருக்கு மேல் போகக் கூடாது. ரெகுலேட்டர் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. சோப்புத் தண்ணீரைத் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை கிளம்பும். கிளிப் தளர்ந்த மூட்டு, இன்டர்கூலரின் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் சேரும் ஓரம் எல்லாம் இதில் அகப்பட்டுவிடும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செங்கல் சூளை, கல் குவாரி, பஞ்சாலை பக்கம் ஓடும் வண்டிக்குப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டர் கணக்குப் பொருந்தாது, முன்னதாகவே மாற்றுங்கள். ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டுவதும் நம்மூரில் சகஜம். எலி இன்னொரு வேலையும் செய்யும். டர்போவையும் இஜிஆர் வால்வையும் இயக்கும் மெல்லிய வாக்குவம் ஹோஸ்களைக் கடித்துவிடும். பென்சில் தடிமன் உள்ள அந்த ஹோஸில் ஒரு ஓட்டை போதும், டர்போ வேலை செய்யாது. சிறிய கைப்பம்பால் வாக்குவம் கொடுத்துப் பாருங்கள். டர்போவின் ஆக்சுவேட்டர் தண்டு தடங்கலில்லாமல் நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் நிற்க வேண்டும். வாக்குவத்தில் இயங்கும் வகையில் ஒரு நிமிடத்தில் முடியும் சோதனை இது. இதைச் செய்யாமல் டர்போவை மாற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

இஜிஆர் என்பது எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வ். எரியும் சூட்டைக் குறைத்து நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சைக் குறைப்பதற்காக வைத்தது. அதில் கரி படிந்து மூடாமல் நின்றுவிட்டால், நல்ல காற்றுக்குப் பதில் புகையே உள்ளே போகும். அடையாளம்: குறைந்த வேகத்தில் மந்தம், கறுப்பு, ஐடிலில் நடுக்கம். கழற்றிச் சுத்தம் செய்யலாம். மேனிஃபோல்டுக்குள்ளும் கரி அப்பியிருக்கும், அதையும் சேர்த்துச் செய்யுங்கள். டர்போ தரும் பூஸ்ட் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் மூக்கிலும் அதே கரிதான் படிகிறது.

காற்று சுத்தம், கசிவு இல்லை, டர்போ வேலை செய்கிறது. அப்போதும் புகை வருகிறதென்றால் நாசிலைச் சந்தேகப்படுவது நியாயம். புகையே இல்லாமல் இழுவை மட்டும் போயிருந்தால் டீசல் வரும் வழியைச் சீக்கிரமே பார்க்கலாம். முதலில் டீசல் ஃபில்டர். அதன் அடியில் உள்ள தண்ணீர் வடிக்கும் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும். அடுத்து, ஃபில்டருக்குப் பிறகு கண்ணாடி போன்ற தெளிவான டியூப் ஒன்றைப் போட்டு, எஞ்சின் ஓடும்போது குமிழி வருகிறதா என்று பாருங்கள். தொடர்ந்து குமிழி ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது.

இங்கே மெக்கானிக் தம்பிகளுக்கு ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பழைய டீசல் எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரிய, ஓடும்போதே நாசில் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்போம். உங்கள் குருநாதர் அப்படித்தான் கற்றுக் கொடுத்திருப்பார். எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். ரெயிலில் அழுத்தம் 1400, 1600 பார் வரை போகும். ஊசிமுனைக் கசிவில் இருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரியும். வலிகூட முதலில் இருக்காது. உள்ளே தசை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நேர்ந்தால் காயம் சின்னது என்று கட்டுப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "அழுத்தமான டீசல் உள்ளே போய்விட்டது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வார்த்தையைச் சொன்னால்தான் அவருக்கு அவசரம் புரியும்.

அதற்குப் பதில் என்ன செய்வது? நாலு நாசிலின் ரிட்டர்ன் டியூப்பையும் கழற்றி, நாலு அளவுக் குப்பிகளில் விட்டு, எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். நாலிலும் ஏறக்குறைய ஒரே மட்டம் வர வேண்டும். ஒன்றில் மட்டும் சரசரவென்று ஏறினால் அந்த நாசில் உள்ளுக்குள் தேய்ந்து, அழுத்தத்தைக் கட்ட விடாமல் டீசலைத் திருப்பி அனுப்புகிறது. சூடான எஞ்சின் செல்ஃப் எடுக்கத் தாமதமாவதும் இதன் அடையாளம். கெட்டது எது என்று தெரிந்த பிறகு நாலையும் மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. புதிய நாசிலின் எண்ணை ஸ்கேனரில் பதிய வேண்டிய வண்டியென்றால் அதை மறக்காமல் பதியச் சொல்லுங்கள்.

வெள்ளைப் புகையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில், கொடைக்கானலில் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக வந்து, சூடானதும் நின்றால் அது ஈர ஆவி, பயம் வேண்டாம். கண்ணை எரிக்கும் டீசல் வாடையோடு எஞ்சின் தடதடத்தால் எரியாத டீசல். ஹீட்டர் பிளக்கையும் கம்ப்ரஷனையும் பாருங்கள். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளை நிற்காமல் லேசான இனிப்பு வாடை வந்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட்டோ இஜிஆர் கூலரோ கசிகிறது. அந்த வண்டியை ஓட்டாமல் ஏற்றிக்கொண்டு வருவது நல்லது.

நீலப் புகை ஆயில் எரிவதால் வருவது. அதில் டர்போதான் முதல் குற்றவாளி என்று எல்லோரும் நினைக்கிறோம். சின்னக் காரின் டர்போ நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுற்றக்கூடியது. அதன் தண்டு ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ இறக்கை கூட்டில் உரசியிருந்தாலோதான் டர்போ போய்விட்டது. ஆனால் டர்போவில் இருந்து ஆயில் கீழே இறங்கும் குழாய் அடைத்திருந்தாலோ எஞ்சினின் பிரீதர் அடைத்திருந்தாலோ புத்தம்புது டர்போவும் ஆயிலைத் தள்ளும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருப்பதும் ஒரு காரணம். இவற்றைப் பார்க்காமல் டர்போவை மாற்றினால் புது டர்போவும் கொஞ்ச நாளில் ஆயில் தள்ளத் தொடங்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. டர்போ உடைந்து ஆயில் எஞ்சினுக்குள் கொட்டினால், சாவியை அணைத்தாலும் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு வேகம் ஏறிக்கொண்டே போகும். கியர் வண்டியாக இருந்தால் செய்ய வேண்டியது: பிரேக்கை முழுதாக மிதித்து, உயர்ந்த கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள், எஞ்சின் அடைத்து நிற்கும். முடியாவிட்டால் இறங்கித் தூரப் போய்விடுங்கள். கையால் காற்று வழியை மூட யாரும் முயலக் கூடாது.

ஸ்கேனரைப் பற்றி. சில ஒர்க்‌ஷாப்புகளில் ஸ்கேனர் சொல்லும் எண்ணைத் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பி0299 என்று வந்தால் "டர்போ போச்சு". அந்த எண் சொல்வது பூஸ்ட் அழுத்தம் போதவில்லை என்பதை மட்டும்தான். நான் சொன்ன கீறல் ஹோஸும் அதே எண்ணைத்தான் காட்டும், எலி கடித்த வாக்குவம் ஹோஸும் அதையே காட்டும். பி0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு. ஃபில்டரா பம்பா நாசிலா என்று அது சொல்லாது. எண்ணைவிட ஓடும்போது வரும் அளவுகள்தான் உதவும். மூன்றாவது கியரில் 1500 சுற்றில் இருந்து முழுதாக மிதித்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்யட்டும். கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்ட் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு. கேட்ட ரெயில் அழுத்தம் எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு. எந்த ஜோடி முதலில் பிரிகிறதோ அந்தப் பக்கம் போங்கள். இன்னொரு எளிய சோதனை: எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு பூஸ்ட் சென்சாரைப் படியுங்கள். கடலோரத்தில் சுமார் 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். 2240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் 78க்குப் பக்கத்தில் இருக்கும். சம்பந்தமில்லாத எண் வந்தால் சென்சாரே பொய் சொல்கிறது.

கடைசியாக, எனக்கு மனவேதனை தரும் ஒன்று. இஜிஆரைத் தகடு வைத்து அடைப்பது, பிஎஸ்6 வண்டியில் டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டியைக் குடைந்து எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை மாற்றி எழுதுவது. "பிக்கப் நல்லா வருது" என்று வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் சேர்த்தது. அந்தப் புகையைப் பகல் முழுக்க முதலில் சுவாசிப்பது கதவைப் பாதி மூடி உள்ளே வேலை செய்கிற நம் பையன்கள்தான். அடுத்து பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளைகள். அந்த வேலை கேட்டு வருகிறவரைத் திருப்பி அனுப்புங்கள் என்று தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

டிபிஎஃப் அடிக்கடி அடைக்கிறதென்றால் காரணத்தைத் தேடுங்கள். அதில் சேரும் கரியை 600 டிகிரி சூட்டில் வண்டி தானே எரித்துக்கொள்ளும். கடைவீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அந்தச் சூடு வருவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீச்சிய டீசல் ஆயிலில் கலந்து, டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறும். ஆயில் குறைந்தால் கவலைப்படுகிற நாம் ஏறினாலும் கவலைப்பட வேண்டும். டிபிஎஃப் விளக்கு எரிந்தால் அவினாசி சாலையிலோ பைபாஸிலோ சீரான வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓட்டுங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாமல் திரும்பத் திரும்ப வந்தால், மேலே சொன்ன அதே வரிசையில் ஹோஸ், இஜிஆர், நாசில் என்று பாருங்கள். அதிகக் கரியை உண்டாக்குகிற எஞ்சினில் எந்த வடிகட்டியும் தாங்காது. டிபிஎஃப்பின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்குப் போகும் இரண்டு சின்ன ஹோஸ்களையும் பாருங்கள். அவற்றில் ஒன்று பிய்ந்திருந்தாலே, வடிகட்டியின் நிலையைக் கம்ப்யூட்டர் தவறாகக் கணக்கிட்டுவிடும்.

நான் சொன்ன அழுத்தச் சோதனைக்கான அடைப்பானும், ரெகுலேட்டரும், ரிட்டர்ன் அளக்கும் குப்பிகளும் இந்த மேஜையில் இருக்கின்றன. வாசலில் ஒரு வண்டியை நிறுத்தியிருக்கிறோம். கேள்விகள் முடிந்ததும் அங்கே போவோம். பார்க்க விரும்புகிறவர்கள் இருங்கள், தம்பிகள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வாருங்கள்.